ஆஸ்திரியா அணு உலையைக் கட்டி முடித்துவிட்டு ஒரு நாள்கூட ஓட்டவில்லையாமே, ஏன்?

உண்மைதான். வியன்னாவில் படித்தபோது நேரில் போய்ப் பார்த்திருக்கிறேன்.

ஊர் ஸ்வென்டென்டார்ஃப், டான்யூப் கரை. 1972இல் வேலை தொடங்கினார்கள். 692 மெகாவாட் கொதிநீர் உலை, அதாவது உலைக்குள்ளேயே தண்ணீர் கொதித்து நீராவியாகும் ரகம். 1978இல் எரிபொருள்கூட வந்து இறங்கிவிட்டது. எதிர்ப்பு வலுக்கவே, ‘மக்களிடமே கேட்டுவிடலாம்’ என்று சான்சலர் புரூனோ கிரைஸ்கி அந்த ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி வாக்கெடுப்பு வைத்தார். 50.47 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். வித்தியாசம் ஏறக்குறைய 30,000 ஓட்டு.

ஆஸ்திரியர்களுக்கு அணு என்றாலே ஆகாது, அதனால்தான் என்று சொல்வார்கள். எனக்கு அது முழுசாக ஒப்பவில்லை. தோற்றால் பதவி விலகக்கூடும் என்கிற தொனியில் கிரைஸ்கி வாயை விட்டிருந்தார். உலையை எதிர்க்காதவர்களிலும் சிலர், இந்த மனிதரை வீட்டுக்கு அனுப்ப இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் வராது என்று ‘வேண்டாம்’ போட்டிருப்பார்கள். இவ்வளவு சின்ன வித்தியாசத்தில் அதுவே போதும். அவரோ விலகவில்லை, அடுத்த ஆண்டு தேர்தலில் முன்பைவிடக் கூடுதல் இடங்களோடு ஜெயித்தார்!

வாக்கெடுப்பு நடந்த 1978 டிசம்பரிலேயே அணு மின்சாரத்துக்குத் தடைச் சட்டம் வந்தது. அமெரிக்காவின் மூன்று மைல் தீவு அணு உலை விபத்து அதற்கும் பிறகு, 1979 மார்ச்சில்தான். பிறகும் பல வருடம் என்றாவது ஓட்டலாம் என்று உலையைப் பராமரித்து வைத்திருந்தார்கள். 1986 செர்னோபில் அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மின்சாரத்துக்கு என்ன செய்தார்கள்? சில கிலோமீட்டர் தள்ளி ட்யூர்ன்ரோரில் நிலக்கரி அனல்மின் நிலையம் கட்டினார்கள். அது 2019 வரை நிலக்கரியை எரித்தது. இதைச் சொன்னால் அங்கே சில நண்பர்களுக்குக் கோபம் வரும்.

உள்ளே என்னை நிறுத்திவைத்த இடம், உலைக் கலனின் அடிப்பகுதி. கொதிநீர் உலையில், அணுப்பிளவை அடக்கிவைக்கும் கட்டுப்பாட்டுக் கழிகள் கீழேயிருந்து மேலே ஏறும். அவற்றின் குழாய்கள் தலைக்கு மேல் காடு மாதிரித் தொங்குகின்றன. ஓடிய உலையில் கதிர்வீச்சு இருப்பதால் அங்கே சாவகாசமாக நிற்க முடியாது. இங்கே அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். இதே ரக உலைகளை வைத்திருந்த ஜெர்மானியர்கள் பயிற்சிக்கு இங்கேதான் வந்தார்கள்; உதிரி பாகங்களையும் கழற்றிக்கொண்டு போனார்கள்.

போவதாக இருந்தால் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். நான் போன அன்று உள்ளே நல்ல குளிர், ஜாக்கெட்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.