அடியில் பெயர் இல்லாத பூச்சாடி: ஃபின்லாந்து வண்ணக் கண்ணாடி, கேள்வி பதில்

ஃபின்லாந்துக்கு வேலைக்கு வந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து இந்த நாட்டின் 1950, 60களின் கண்ணாடிச் சாமான்களைச் சேர்த்து வருகிறேன். இவற்றைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் நிறைய கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிப் பதில் தருகிறேன்.

கேள்வி (லண்டன்): அக்கா, இங்கே சாரிட்டி கடையில் ஒரு சிவப்புப் பூச்சாடி வாங்கினேன். 25 செ.மீ. உயரம் இருக்கும். உடம்பில் வளையம் வளையமாகப் புடைப்பு. அடியில் ஒரு எழுத்தும் இல்லை. தமாரா அலாடின் செய்தது என்று கடையில் சொன்னார்கள். நம்பலாமா?

பதில்: ரீஹிமாக்கி ஊரின் கண்ணாடித் தொழிற்சாலையில் செய்ததா என்று முதலில் பாருங்கள். யார் வடிவமைத்தது என்பதை அப்புறம் பார்க்கலாம்.

பூச்சாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். நிறம் உள்ளே ஓர் அடுக்காகவும், அதைச் சுற்றி நிறமில்லாத கண்ணாடி கனமாகவும் இருக்கிறதா? பிறகு விரல் நுனியால் உடம்பைத் தடவிப் பாருங்கள். மேலிருந்து கீழாக அச்சின் இணைப்புக் கோடு எங்கும் தட்டுப்படக் கூடாது. நனைத்த அச்சுக்குள் கண்ணாடியை ஊதி, ஊதும்போதே குழலைச் சுழற்றிக்கொண்டிருப்பார்கள். நீராவி ஒரு மெல்லிய திரைபோல நடுவில் நிற்கும். சுழற்சியில் இணைப்புக் கோடு அழிந்துவிடும். அதனால்தான் அந்த வளையங்கள் அத்தனை வழவழப்பாக இருக்கின்றன. அடிப்பாகம் தட்டையாகத் தேய்த்து மெருகேற்றியதாக இருக்கும். லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை படம் போட்ட ஒட்டுத்தாள் தப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம், அதுதான் அந்தத் தொழிற்சாலையின் சின்னம். ஆனால் பெரும்பாலும் முதல் கழுவலிலேயே அது போயிருக்கும்.

இப்போது பெயருக்கு வருகிறேன். அலாடின் அங்கே 1959 முதல் 1976 வரை வடிவமைப்பாளராக வேலை செய்தார். அதே காலத்தில் நான்னி ஸ்டில், ஹெலேனா தினெல், ஐமோ ஒக்கோலின் என்ற வடிவமைப்பாளர்களும் அங்கே இருந்தார்கள். ஒரே உலை, ஒரே வண்ணக் கலவை, ஒரே ஊதுபவர்கள். சாதாரண விற்பனைக்கான பூச்சாடிகளில் பெரும்பாலும் கையெழுத்து போடவில்லை. 'அலாடின்' நினைவில் ஒட்டிக்கொள்ளும் பெயர் என்பதால், வளையம் வைத்த எல்லாவற்றையும் அவர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். மற்ற மூவருக்கும் இது பெரிய அநியாயம் என்பது என் கருத்து. தொழிற்சாலையின் பழைய விலைப்பட்டியல்களில் படமும் மாதிரி எண்ணும் இருக்கும். உங்கள் பூச்சாடியின் வடிவம் அதில் எந்தப் பெயருக்குக் கீழே வருகிறதோ, அதுதான் பதில். அதுவரை 'ரீஹிமாக்கி' என்று மட்டும் சொல்லுங்கள். அதுவே நல்ல பெயர்தான்.

கேள்வி (சிங்கப்பூர்): அப்படியானால் இணைப்புக் கோடு இருந்தால் மட்டமான சரக்கா?

பதில்: அப்படி இல்லை. புடைப்புச் சித்திரம் உள்ள பொருளை அச்சுக்குள் சுழற்ற முடியாது, சித்திரம் அழிந்துவிடும். தினெல் 1964இல் வடிவமைத்த சூரியப் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். கதிர்கள் புடைத்து நிற்கும், கோடும் இருக்கும். இழுப்பறை வைத்த அலமாரி மாதிரியே அவர் செய்த பிய்ரொங்கி பூச்சாடியும் அப்படித்தான். எந்த முறையில் செய்தார்களோ அதன் தடயம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி (டொராண்டோ): என்னிடம் உள்ள கிண்ணத்தின் அடியில் தாபியோ விர்க்கலா என்ற பெயரும் நான்கு இலக்க எண்ணும் பொறித்திருக்கிறது. எண் 3-இல் தொடங்குகிறது. அது என்ன கணக்கு? பெயர் போலியாகவும் இருக்கலாமா?

பதில்: விர்க்கலா வடிவமைத்துக் கொடுத்த ஈத்தாலா தொழிற்சாலையில், அந்த எண் வடிவத்தைக் குறிக்கும் மாதிரி எண். ஆண்டோ, எத்தனையாவது பிரதி என்பதோ அல்ல. இதை வரிசை எண் என்று சொல்லி விலை ஏற்றுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். நூத்தயார்வி என்ற இன்னொரு கண்ணாடி ஊரின் கலைப்பொருட்களில் வேறு வழக்கம். வடிவமைப்பாளர் பெயர், 'நூத்தயார்வி நோட்ஷோ' என்று ஊரின் ஃபின்னிஷ், சுவீடிஷ் பெயர்கள் இரண்டும், கடைசியில் ஆண்டின் இரண்டு இலக்கம். 62 என்றிருந்தால் 1962.

போலிக் கையெழுத்து உண்டு. நகை பார்க்கும் பூதக்கண்ணாடியால் அடியைப் பாருங்கள். ஐம்பது, அறுபது ஆண்டுகள் மேசையில் இருந்த பொருளின் அடியில் பல திசைகளிலும் மெல்லிய கீறல்கள் இருக்கும். பழைய கையெழுத்தின் மேல் அந்தக் கீறல்கள் ஓடும். புதிதாகப் போட்ட கையெழுத்து கீறல்களை வெட்டிக்கொண்டு வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். இது தெரியாத காலத்தில் இரண்டு மாதச் சேமிப்பைக் கொடுத்து ஒரு பொய்க் கையெழுத்தை வாங்கினேன். அந்தக் கிண்ணத்தை விற்கவில்லை. சேர்க்க வருபவர்களுக்குக் காட்டுவதற்காகவே வைத்திருக்கிறேன்.

கேள்வி (சென்னை): வடிவமைப்பாளர் காய் ஃப்ராங்க் பெரிய ஆள் என்கிறார்கள். அவருடைய தம்ளர்களில் பெயரே இல்லையே?

பதில்: அது அவர் விரும்பியது. 1793இல் தொடங்கிய நூத்தயார்விதான் ஃபின்லாந்தின் மிகப் பழைய கண்ணாடி ஊர். 1950களின் தொடக்கத்திலிருந்து அங்கே கலைப்பொறுப்பு ஃப்ராங்கிடம் இருந்தது. 1960களில் அவர் ஒரு வாதத்தை முன்வைத்தார்: அன்றாடம் பயன்படுத்தும் பொருளில் வடிவமைப்பாளரின் பெயரை விளம்பரமாக்கக் கூடாது, அதைச் செய்யும் ஊதுபவர்களின், அச்சுக்காரர்களின் உழைப்பு அந்தப் பெயருக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. வடிவமைப்பாளர்களை நட்சத்திரங்களாக்கி நாடே பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், வடிவமைப்பாளர்களுக்கான லன்னிங் பரிசு பெற்ற ஒருவர் இதைச் சொன்னார். எனக்கு அவர் மேல் இருக்கும் மரியாதையில் பாதி இதற்காகத்தான். கார்த்தியோ தம்ளரைக் கையில் எடுங்கள். கார்த்தியோ என்றால் கூம்பு. 1958இல் வந்தது. அலங்காரம் கிடையாது. வடிவம், கனம், நிறம், அவ்வளவுதான். ஆரம்பத்தில் வாயால் ஊதியவை. இப்போது வருபவை இயந்திரம் அழுத்தியவை, விளிம்பும் கனமும் வேறாக இருக்கும்.

அதே நூத்தயார்வியில் வடிவமைத்த சாரா ஹோபெயாவையும் சொல்ல வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும் அவருடைய வண்ணத் தம்ளர்கள் 1954 மிலான் கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் வாங்கின. அவரை இன்னும் குறைவாகவே தேடுகிறார்கள்.

கேள்வி (மதுரை): சிவப்புதான் விலை உயர்ந்தது என்கிறார்களே, தங்கம் சேர்க்கிறார்களா?

பதில்: தங்கத்தால் வரும் சிவப்பு தனி ரகம். நீங்கள் சந்தையில் பார்க்கும் இந்தச் சிவப்பு பொதுவாகச் செலினியமும் காட்மியமும் சேர்ந்து தருவது. அதில் ஒரு சிரமம் உண்டு. உருகிய கண்ணாடி முதலில் வெளிறியோ மஞ்சளாகவோ இருக்கும், மறுபடி சூடு காட்டும்போதுதான் சிவக்கும். சூடு சீராகப் படாவிட்டால் விளிம்பில் ஆரஞ்சும் மஞ்சளும் தங்கிவிடும். நீலத்துக்குக் கோபால்ட், அதுவும் சிட்டிகைதான். ஊதாவுக்கு மாங்கனீசு. ஆனால் சிவப்பு என்பதற்காகவே அதிக விலை கொடுக்காதீர்கள். நான் சுற்றிய சந்தைகளில் ரீஹிமாக்கியின் சிவப்புப் பூச்சாடிதான் எளிதாகக் கிடைக்கிறது.

கேள்வி (கோயம்புத்தூர்): உள்ளே வெள்ளையாகப் படிந்திருக்கிறது. போகுமா?

பதில்: தண்ணீரின் உப்பு என்றால் வினிகரோ எலுமிச்சை உப்போ கரைத்து ஓர் இரவு ஊற்றி வைத்தால் போய்விடும். ஈரமாக இருக்கும்போது தெளிந்து, காய்ந்ததும் மறுபடி மங்கினால், கண்ணாடியே அரிபட்டிருக்கிறது. அதைச் சரிசெய்ய முடியாது, வாங்காதீர்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் பழைய கண்ணாடியை ஒருபோதும் வைக்க வேண்டாம்.

கேள்வி (டாம்பரே): மாணவன் நான், பணம் அதிகம் இல்லை. எங்கே தொடங்கலாம்?

பதில்: ஓய்வா தொய்க்கா 1964இல் வடிவமைத்த கஸ்தேஹெல்மி தட்டில் தொடங்குங்கள் தம்பி. பெயருக்குப் பனிமுத்து என்று பொருள். அழுத்திச் செய்யும் கண்ணாடியில் இணைப்புத் தழும்பு தெரியும். அதை மறைக்க என்ன வழி என்று யோசித்ததில் பிறந்தவைதான் அந்த வளைய வளையமான முத்துகள். 2010இல் மறுபடி உற்பத்திக்கு வந்தது. ஆகவே பழையதா புதியதா என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் ஊர்க் கிர்ப்புதோரிகளில், அதாவது பழைய சாமான் சந்தைகளில், காலையிலேயே போய் நில்லுங்கள். வாங்காவிட்டாலும் பரவாயில்லை, எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு வையுங்கள். கைக்குப் பழகினால்தான் கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): இவ்வளவு நல்ல பொருட்களைச் செய்வதை ஏன் நிறுத்தினார்கள்?

பதில்: உலை இரவும் பகலும் எரிய வேண்டும். 1970களில் எண்ணெய் விலை ஏறியது, கைவேலைக்கான கூலியும் ஏறியது. ரீஹிமாக்கி 1976இல் வாயால் ஊதுவதை நிறுத்தி இயந்திரத்துக்கு மாறியது. ஸ்டில், தினெல், அலாடின் மூவருக்கும் அங்கே அதுதான் கடைசி ஆண்டு. 1990இல் தொழிற்சாலையே மூடப்பட்டது. நூத்தயார்வி 2014 வரை தாக்குப்பிடித்தது.

ஃபின்லாந்து வந்தால் ரீஹிமாக்கியில் இருக்கும் கண்ணாடி அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஹெல்சிங்கியிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். பழைய தொழிற்சாலைக் கட்டடத்தை 1981இல் அருங்காட்சியகமாக மாற்றி வடிவமைத்தவர் விர்க்கலா, போட்டித் தொழிற்சாலையான ஈத்தாலாவின் ஆள். பக்கத்தில் யாராவது முதியவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் பேச்சுக் கொடுங்கள். ஒருமுறை அப்படி நின்றிருந்தவர் ஒரு நீலப் பூச்சாடியைக் காட்டி, "நாளுக்கு இத்தனை என்று கணக்கு வைத்து இதை ஊதினோம்" என்றார். அதன் அட்டையில் அவர் பெயர் இல்லை.