குனிந்துவிட்டால் பேச்சை நிறுத்துங்கள்

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் ஆடும் நைன் பால் பூல் (குச்சியால் அடித்து, எண்ணிட்ட பந்துகளை மேஜைக் குழிகளில் தள்ளும் ஆட்டம்) போட்டிகளை நேரலையில் காட்டுகிறோம். வர்ணனை என் பொறுப்பு. பேசாமல் இருந்தால் 'தூங்கிட்டீங்களா' என்கிறார்கள், பேசினால் 'கொஞ்சம் வாயை மூடுங்க' என்கிறார்கள். நல்ல வர்ணனைக்கு என்னதான் வழி?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு தரப்பும் சொல்வது சரிதான். ஆட்டக்காரர் மேஜையைச் சுற்றி நடக்கும்போது, குச்சி நுனியில் சாக் தடவும்போது தாராளமாகப் பேசுங்கள். அவர் அடிக்கக் குனிந்துவிட்டாரா, சொல்ல வந்தது பாதியில் நின்றாலும் பரவாயில்லை, நிறுத்திவிடுங்கள். பந்தோடு பந்து மோதும் அந்தச் சத்தம் பார்ப்பவர் காதில் விழ வேண்டும். இதேபோன்ற மேஜை ஆட்டமான ஸ்னூக்கரில் பிரிட்டிஷ் வர்ணனையாளர் டெட் லோ கிசுகிசுத்துப் பேசியே பெயர் வாங்கினார்; ஆரம்பத்தில் அவருக்குத் தனி அறை கிடையாது, பார்வையாளர்களுக்கு நடுவே உட்கார்ந்து பேசியதால் குரலைத் தாழ்த்த வேண்டியிருந்தது, அதுவே மேஜையின் அமைதிக்கு அத்தனை பொருத்தமாக அமைந்துவிட்டது.

அப்புறம், எந்தப் பந்து எந்தக் குழியில் விழுந்தது என்று சொல்லவே வேண்டாம், எல்லோருக்கும் கண் இருக்கிறது. குச்சியால் அடிக்கும் வெள்ளைப் பந்தைப் பற்றிப் பேசுங்கள். இருப்பதில் சிறிய எண் பந்தைத்தான் முதலில் தொட வேண்டும்; 7, 8, 9 மட்டும் மிச்சம் என்று வையுங்கள். 7 மூலைக் குழியின் வாயில் கிடக்கிறது, வெள்ளைப் பந்து நேர் பின்னால். புதிதாகப் பார்ப்பவர் 'என்ன லேசு' என்று நினைப்பார். ஆனால் கோணமே இல்லாததால் வெள்ளைப் பந்தை மோதிய இடத்தில் நிறுத்தலாம், பின்னால் இழுக்கலாம், அவ்வளவுதான். முன்னால் உருண்டால் அதுவும் குழிக்குள் விழுந்து ஃபவுல். 8 இருப்பதோ பக்கவாட்டில், தூரத்தில். 'இவர் கொஞ்சம் கோணம் வைத்து நிறுத்தியிருக்க வேண்டும், இப்போது 8-க்குப் போவது கஷ்டம்' என்று அவர் குனிவதற்கு முன்பே சொல்லுங்கள், நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். 8 தவறிய பிறகு சொன்னால் அது யாருக்கும் உதவாது. உங்கள் கணிப்பு பொய்த்து அவர் வேறு வழியில் போட்டுவிட்டால், 'எனக்கு அது தோன்றவே இல்லை' என்று சொல்லுங்கள், அதைக் கேட்பதும் சந்தோஷம்தான்.

எதிராளிக்கு நல்ல அடி கிடைக்காமல் செய்யும் சேஃப்டி ஆட்டத்தில்தான் முக்கால்வாசிப் பேர் சோர்ந்து போகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஒருவர் பந்தை வேறு பந்துக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார், மற்றவர் குஷனில் (மேஜையின் ரப்பர் விளிம்பில்) அடித்துத் திருப்பித் தொடப் பார்க்கிறார். அவருக்கு ஏற்கெனவே தொடர்ந்து இரண்டு ஃபவுல் ஆகியிருந்தால் மூன்றாவது ஃபவுலில் அந்த ரேக்கே, அதாவது அந்தச் சுற்றே, போய்விடும். இதை நீங்கள் சொல்லாவிட்டால் பார்ப்பவருக்கு அது சும்மா தட்டி விளையாடுவது போலத்தான் தெரியும்.

தவறவிட்டவரைத் திட்டாதீர்கள். பந்து குஷனை ஒட்டிக் கிடந்ததா, எட்டாமல் எம்பி அடித்தாரா என்று காரணத்தைச் சொல்லுங்கள். அடுத்த போட்டியின் பதிவை அனுப்புங்கள், முழுதாகக் கேட்கிறேன்.