கிளிநொச்சி வெக்கையிலை ஷிராஸ் போத்தலை எவ்வளவு காலம் வைக்கலாம்?

கேள்வி: மெல்பேணிலை இருந்து வந்த தம்பி கிரேஞ்ச், சென்ற் ஹென்றி, ‘பின் 28’ (Bin 28) எண்டு பென்ஃபோல்ட்ஸ் எண்ட அவுஸ்திரேலியக் கொம்பனியின்ரை மூண்டு ஷிராஸ் (சிவப்பு வைன்) போத்தல் தந்திட்டுப் போட்டார். எது திறம், எது காசுக்குப் பெறுமதி, எத்தினை வருஷம் வைக்கலாம்?

மூண்டும் இப்ப ஹோலிலை, ரீவிக்குப் பக்கத்துக் கண்ணாடி அலுமாரிக்குள்ளை, ரியூப்லைட் வெளிச்சத்திலை நிக்குதெண்டு நினைச்சுத்தான் எழுதுறன். முதல்லை அங்கையிருந்து எடுங்கோ, மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

திறம் எண்டால் கிரேஞ்ச்தான், அதிலை சண்டை இல்லை. ஆனால் அது புது அமெரிக்க ஓக் மரப் பீப்பாவிலை ஒன்றரை வருஷமளவு கிடந்து வாற வைன். இளசிலை தேங்காய்ப்பூ, வனிலா வாசமும் நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பும்தான் முன்னுக்கு நிக்கும். 1951இலை கொம்பனியின்ரை வைன் செய்யிற மாக்ஸ் ஷுபேர்ட் முதல் செய்தபோது குடிச்சுப் பாத்தவை முகம் சுழிச்சதும், 1957இலை கொம்பனியே நிப்பாட்டச் சொன்னதும், அவர் ஒளிச்சு வைச்சுச் செய்ததும் இதாலைதான். நல்ல குளிர் அறையிலை இருபது, முப்பது வருஷம் கிடந்தால்தான் அதின்ரை 1,000 அவுஸ்திரேலிய டொலர் அளவு விலைக்கு அர்த்தம்.

சென்ற் ஹென்றிக்குப் புது ஓக் மரமே பாவிக்கிறேல்லை. 1,460 லீற்றர் கொள்ளுற பழைய பெரிய மரத்தாங்கியிலைதான் முதிருது, அதாலை பழத்தின்ரை ருசி நேரை வரும். விலை 130 டொலர் அளவு. காசுக்குப் பெறுமதி எண்டு கேட்டால் என்ரை கை இதைத்தான் காட்டும். 50 டொலர் மட்டிலை விக்கிற பின் 28 தென் அவுஸ்திரேலியாவின்ரை பல இடத்துப் பழத்தைச் சேர்த்துச் செய்யிறது. அதை வைச்சுப் பாக்காதேங்கோ, குடியுங்கோ.

இனி வெக்கை. வைனுக்கு வேண்டியது 12–14 பாகை, ஏறி இறங்காமல். எங்கடை ஊரிலை சித்திரையிலை பகல் 35. வீட்டுத்திட்டத்திலை கட்டித் தந்த தகரக்கூரை வீடெண்டால் உள்ளுக்கு அதை விடக் கூட. அந்தப் பிளான் கீறினவர் ஒரு சித்திரை மத்தியானம் அதுக்குள்ளை படுத்திருக்க வேணும், அது வேறை கதை. 10 பாகை கூடினால் வைன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்திலை கிழடாகும். அதை விட மோசம் பகல்-இரவு ஏற்ற இறக்கம்: சூட்டிலை வைன் விரிஞ்சு தக்கையைத் தள்ளும், ஆறேக்கை காத்தை உள்ளுக்கு இழுக்கும். தக்கை வாய்க்கு மேலை எழும்பியிருந்தாலோ, மேலுறைக்குக் கீழை பிசுபிசுப்பு ஓடியிருந்தாலோ காரியம் முடிஞ்சுது. திறந்தால் அவிச்ச நாவற்பழ மணம்தான் வரும்.

கிணத்துக்குள்ளை இறக்கச் சொல்லுவினம். எங்கடை கிணத்துத் தண்ணி 28 பாகை அளவிலை நிக்கும். ஏறி இறங்காது, ஆனால் குளிருமில்லை, லேபலும் ஊறிப் போகும். மீன்காரர் வைச்சிருக்கிற ரெஜிபோம் பெட்டி ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். பிறிஜிலை மரக்கறித் தட்டு சில மாதத்துக்குப் பறவாயில்லை. தக்கைப் போத்தலைப் படுக்க வையுங்கோ, திருகுமூடி நிண்டாலும் ஒண்டுமில்லை. வருஷக்கணக்கிலை பிறிஜிலை விட்டால் காய்ஞ்ச குளிரிலை தக்கை சுருங்கும். ஆனபடியால் பின் 28ஐ இந்த வருஷமே, சென்ற் ஹென்றியைப் பிறிஜிலை வைச்சு அடுத்த சித்திரைக்கு முதலும் குடிச்சு முடியுங்கோ. கிரேஞ்சைத் தம்பி திரும்பி வரேக்கை கையிலை குடுத்துவிடுங்கோ, மெல்பேணிலை வாடகைக்கு வைக்கிற குளிர்க் களஞ்சியம் இருக்கு.

‘கள்ளு குடிக்கிற ஊரிலை இதென்ன வைன் வகுப்பு’ எண்டு எழுத வாறவைக்கு: கேட்டவருக்குத்தான் பதில், ஒருத்தரையும் குடிக்கச் சொல்லேல்லை. நல்ல பனங்கள்ளு பின்னேரத்துக்குள்ளை புளிக்குமெண்டு தெரிஞ்சவைக்கு வெக்கை என்ன செய்யுமெண்டு நான் சொல்லத் தேவையில்லை.

குடிக்கிற அண்டைக்கு, அறைச் சூட்டிலை குடிக்கச் சொல்லி எங்கையாவது வாசிச்சிருந்தால் அது ஐரோப்பிய அறை. 16–18 பாகை வேணும். வெளியிலை நிண்ட போத்தலை இரண்டு மணித்தியாலமளவு பிறிஜிலை வையுங்கோ, பிறிஜிலை கிடந்ததை ஒரு மணித்தியாலமளவு முதல் வெளியிலை எடுங்கோ. ஐஸ் போடாதேங்கோ. கண்ணாடி யக்கிலை ஊத்திக் காத்துப் பட விட்டால், யக்கை ஐஸ்தண்ணிப் பேசினுக்குள்ளை வையுங்கோ, இல்லாட்டி கெதியாச் சூடேறிவிடும். தூள் கூடின ஆட்டுக்கறியோடை வேண்டாம். 14 வீதத்துக்கு மேலை நிக்கிற அற்ககோல் உறைப்பை இன்னும் எரிய வைக்கும். மிளகு போட்ட பிரட்டல் எண்டால் பொருந்தும்.