முதுகு சரிந்தால்தான் அசல் அல்சேஷனா?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குப் பத்து ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. தாத்தா காலத்தில் ஓர் அல்சேஷன் இருந்தது. பழைய போட்டோவில் அதன் முதுகு மேசை மாதிரி நேராக இருக்கிறது. களத்தில் காப்பி காயும் மாதங்களில் காவலுக்கு அதே இனத்தில் ஒரு குட்டி வாங்கலாம் என்று சேலத்தில் ஒரு புரோக்கரிடம் ஐயாயிரம் முன்பணம் கொடுத்திருக்கிறேன். மொத்த விலை நாற்பத்தைந்தாயிரம். அவர் காட்டிய தகப்பன் நாய் பின்பக்கம் சரிந்து, பின்னங்கால் மடங்கி, தவளை உட்காரப் போவது மாதிரி நிற்கிறது. கேட்டால், "அதான் சார் ஷோ லைன், கண்காட்சி வம்சம், அதான் அசல். உங்க தாத்தா வச்சிருந்தது கலப்பு" என்கிறார். எதை நம்புவது?

கால்நடை மருத்துவர் பதில்:

முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் ஐயாயிரத்தோடு போகட்டும் என்று விட்டுவிடுங்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணம் கொஞ்சம் நீளம். பாதி படித்துவிட்டு நீங்கள் போய் மீதி நாற்பதாயிரத்தையும் கட்டிவிடக் கூடாது.

தாத்தாவின் நாய் அசலா கலப்பா என்று ஒரு பழைய போட்டோவை வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் முதுகு நேராக இருந்தாலே கலப்பு என்றால், இந்த இனத்தின் முதல் நாயும் கலப்புதான். 1899இல் ஜெர்மனியில் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற முன்னாள் குதிரைப்படை அதிகாரி, கண்காட்சி ஒன்றில் பார்த்துப் பிடித்துப்போய் வாங்கிய நாயின் பெயர் ஹோராண்ட். இனப் பதிவேட்டில் முதல் எண் அதற்குத்தான். அதன் படம் இப்போதும் கிடைக்கிறது. ஓநாய்ச் சாயல், நிமிர்ந்த கால், ஏறக்குறைய நேரான முதுகு. உங்கள் தாத்தாவின் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தால் பங்காளி என்று சொல்லலாம்.

அந்த நாய்க்கு அன்றைக்கு இருந்த வேலை வேறு. வேலியில்லாத வயல்களுக்கு நடுவே ஆடு மேய்ப்பார்கள். பயிரில் ஆடு வாய் வைக்காமல், வரப்பு ஓரமாகவே காலையிலிருந்து பொழுது சாயும் வரை அது இங்கும் அங்கும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நடமாடும் வேலி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கு ஒத்துவராத உடம்பை ஆட்டுக்காரன் வைத்துச் சோறு போடமாட்டான்.

அல்சேஷன் என்பது முதல் உலகப் போரை ஒட்டி, ஜெர்மனி என்ற பேச்சே ஆகாது என்று ஆங்கிலேயர்கள் வைத்த பெயர். ஜெர்மன் ஷெப்பர்ட் என்ற பெயரை இங்கிலாந்தில் நாய் இனங்களைப் பதிவு செய்கிற கென்னல் கிளப் மறுபடி ஏற்றுக்கொண்டது 1977இல்தான். ஆக தாத்தாவின் அல்சேஷனும் புரோக்கர் சொல்கிற ஜிஎஸ்டியும், அதாவது ஜெர்மன் ஷெப்பர்ட் டாகும், ஒரே இனம். (வாய்க்கு வாய் ஜிஎஸ்டி என்பார், பில் மட்டும் தரமாட்டார்.)

சரி, நேராக இருந்த முதுகு எப்படிச் சரிந்தது? ஆட்டு மந்தையிலிருந்து கண்காட்சி வளையத்துக்கு வந்ததால். நடுவர் ஒரு நாயைச் சில நிமிடங்கள்தான் பார்க்கிறார். ராத்திரி எத்தனை தடவை எழுந்து சுற்றி வரும், தோட்டத்து ஆள் யார் திருடன் யார் என்று பிரித்துப் பார்க்குமா, மேட்டில் ஏறி இறங்கிப் பத்து வருஷம் தாங்குமா என்பதெல்லாம் அந்தச் சில நிமிடத்தில் தெரியாது. தெரிவது நிற்கிற அழகும் ஓடுகிற அழகும்தான். பின்னங்கால் அதிகமாக மடங்கிய நாய் ஓடும்போது எட்டு நீளமாக விழும், தரையில் படாமல் மிதப்பது மாதிரி இருக்கும். பரிசு அதற்குப் போகும். பரிசு வாங்கிய ஆண் நாயைத் தேடி ஆளாளுக்குத் தங்கள் பெண் நாயைக் கொண்டுபோவார்கள். ஒரே பொலிகாளையின் சினை ஊசியை ஊர் மாட்டுக்கெல்லாம் போட்டால், அதன் பாலும் ஊருக்கு வரும், அதன் கோணல் குளம்பும் ஊருக்கு வரும். இங்கேயும் அதேதான். அடுத்த முறை ஜெயிக்க இன்னும் கொஞ்சம் மடக்கு, அதற்கடுத்த முறை இன்னும் கொஞ்சம். நிறத்தைப் பார்த்து விலை போடுகிற மண்டியில் கார்பைடு கல் வைத்த மாம்பழம்தான் முதலில் விற்றுப் போகும். சேலத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

2016இல் இங்கிலாந்தின் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் இந்த இனத்தில் சிறந்தது என்று தேர்வான பெண் நாய் பின்பக்கம் சரிந்து நடந்த நடையைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அந்த நாட்டு ஜனங்களே கொதித்துப் போனார்கள். வேடிக்கை என்னவென்றால், இனத்துக்கென்று எழுதி வைத்த இலக்கணத்தில் தவளை கிடையாது. முதுகு உறுதியாக, லேசான சரிவோடு இருக்க வேண்டும், உடம்பின் நீளம் உயரத்தைவிட 10 முதல் 17 சதவீதம் அதிகம் இருக்கலாம், ஆண் நாயின் எடை 30 முதல் 40 கிலோ. அந்த 'லேசான' என்ற ஒரு சொல்லில்தான் ஊரே சறுக்கி விழுந்தது. 'ஹெவி போன்' என்று 50 கிலோவுக்கு வளர்த்து விற்கிறார்களே, அதுவும் இலக்கணத்தில் இல்லாததுதான்.

வேலை வாங்குகிறவர்கள் இந்த அழகுப் போட்டியிலிருந்து எப்போதோ ஒதுங்கிக்கொண்டார்கள். ஐரோப்பாவில் காவல் வேலைக்கென்றே நேர் முதுகு வம்சங்களைத் தனியாக வளர்க்கிறார்கள். பல நாட்டுப் படைகள் பெல்ஜியன் மாலினாய்ஸ் என்ற வேறு நாய் இனத்தின் பக்கம் போய்விட்டன. நம் சிஆர்பிஎஃப்பிலும் அதுதான் இப்போது முன்வரிசை. ஷோ லைன் மலைத்தோட்டத்துக்கு ஆகாது, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு விஷயத்தைப் பொறுமையாகக் கேளுங்கள், இதில்தான் நல்ல நாயையும் ஆட்கள் வேண்டாம் என்று தள்ளிவிடுகிறார்கள். புரோக்கர் உங்களுக்குக் காட்டியது நேரிலா, போனிலா? போனில் என்றால், சரிவு நாயுடையதா, நிறுத்திய விதத்தினுடையதா என்று தெரியாது. கண்காட்சி போட்டோவுக்கு இந்த இனத்தை நிறுத்துவதற்கென்றே ஒரு முறை உண்டு. ஒரு பின்னங்காலை நன்றாகப் பின்னுக்கு இழுத்து வைப்பார்கள், இன்னொன்றை வயிற்றுக்கு அடியில் தள்ளி வைப்பார்கள். இடுப்பு தானாக இறங்கும், முதுகு சாய்வுதளம் மாதிரி ஆகும். உங்கள் தாத்தாவின் நாயை அப்படி நிறுத்தியிருந்தாலும் கொஞ்சம் சரிந்துதான் தெரிந்திருக்கும். கழுத்துப் பட்டையை மேலே தூக்கிப் பிடித்தால் இன்னும் சரியும். அதனால் சரிந்த போட்டோ எல்லாம் கெட்ட நாய் இல்லை. அதே மாதிரி நாலு மாதத்திலிருந்து ஏழெட்டு மாதம் வரை வளர்கிற நாய்க்கு முன்னுக்கும் பின்னுக்கும் பொருத்தமே இருக்காது. ஒரு வாரம் பின்பக்கம் தூக்கும், அடுத்த வாரம் முன்பக்கம். அந்த வயதில் முதுகைப் பார்த்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். ரெண்டு மாதக் குட்டி முதுகை வைத்து ஜோசியம் சொல்கிறவனை நம்பவே நம்பாதீர்கள்.

பார்க்க வேண்டியது தாய், தகப்பன் இரண்டையும், நேரில். சமமான சிமென்ட் தரையில், கயிற்றை அவிழ்த்துவிட்டு, அதுவாக நிற்கும் வரை காத்திருங்கள். இரண்டு பின்னங்காலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போதும் முதுகு சறுக்குமரம் மாதிரி இருந்தால் அது நிஜச் சரிவு. அப்புறம் பின்னால் நின்றுகொண்டு நடக்க விடுங்கள். பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கிற மூட்டு, நடக்கையில் ஒன்றோடொன்று உரசினாலோ, தரையைத் தொடுகிற அளவுக்குத் தாழ்ந்தாலோ வந்த வழியே திரும்பிவிடுங்கள். உட்கார வைத்து எழுப்புங்கள், நாலைந்து முறை. முன்னங்காலால் உடம்பை இழுத்து எழுகிறதா, பின்னங்காலால் உந்தி எழுகிறதா என்று பாருங்கள். உந்தி எழ வேண்டும்.

கடைசியாக நகம். என் கிளினிக்குக்கு ஏற்காட்டிலிருந்து இரண்டரை வயது நாய் ஒன்று வந்தது. பரிசு வாங்கிய தகப்பனின் பிள்ளை, ஃபைலில் சான்றிதழ். ஆம்னி வேனிலிருந்து அது குதிக்கவில்லை, ஆளைப் பார்த்து நின்றது. இறக்கியதும் நான் குனிந்து பின்னங்கால் நகத்தைத்தான் பார்த்தேன். நடு இரண்டு நகமும் மேல்பக்கம் தேய்ந்து, அரம் போட்டு ராவியது மாதிரி தட்டையாக இருந்தது. காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து நடக்கிற நாய்க்கு அப்படித்தான் தேயும். களத்துக்கும் வீட்டுக்கும் நடுவே பதினெட்டுக் கல்படி என்றார் உரிமையாளர். இரண்டரை வயதில் அந்த நாய் படியைப் பார்த்தாலே படுத்துவிடுகிறது. மருந்தில் வலி குறையும், எலும்பின் அமைப்பு மாறாது.

இடுப்பு மூட்டுக் கோளாறு வேறு, முதுகுச் சரிவு வேறு. நேர் முதுகு நாய்க்கும் இடுப்பு மூட்டு லூசாக இருக்கலாம். அது வெளியே தெரியாது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். பெற்றோருக்கு ஒரு வயது கடந்த பிறகு எடுத்த இடுப்பு எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேளுங்கள். ஏ முதல் ஈ வரை தரம் போடுவார்கள், ஏ என்றால் நல்ல மூட்டு. "எக்ஸ்ரேயா, எதுக்கு சார், நாய் நல்லாத்தானே ஓடுது" என்று பதில் வந்தால் பேச்சு முடிந்தது. குட்டி வந்த பிறகு அதன் இடுப்பைப் பார்க்க வேண்டுமானால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குத் தூரமில்லை.

குட்டியோடு ஒரு கால்சியம் பாட்டிலையும் கையில் திணிப்பார்கள். "எலும்பு கனமா வரும், காது நிக்கும்" என்பார்கள். தயவுசெய்து ஊற்றாதீர்கள். பெரிய இனக் குட்டிகளுக்கான நல்ல தீவனத்தில் தேவையான கால்சியம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் ஊற்றினால் எலும்பு கோணலாக வளரும். கொழுகொழுவென்று வளர்ப்பதும் அப்படித்தான், வேகமாக ஏறுகிற எடையை இளம் மூட்டு தாங்காது. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

பேப்பர் விஷயம். இங்கே கென்னல் கிளப் தருகிற சான்றிதழில் இருப்பது யாருக்கு யார் பிள்ளை என்ற விவரம், அதுவும் வளர்ப்பவர் எழுதிக் கொடுத்தது. நாய் ஆரோக்கியமானது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. ஒரு ஈற்றுப் பேப்பரை வேறு ஈற்றுக் குட்டிக்குக் கொடுப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். சான்றிதழில் உள்ள மைக்ரோசிப் எண் 15 இலக்கம். குட்டியின் தோலுக்கடியில் இருக்கிற சிப்பும் அதே எண்ணைக் காட்ட வேண்டும், ரீடர் வைத்திருக்கிற எந்த டாக்டரும் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார். சிப்பே இல்லாமல் "பேப்பர் பின்னாடி வரும் சார்" என்றால், வராது.

2017இல் மத்திய அரசு நாய் வளர்ப்பு விற்பனைக்கென்று விதிகள் போட்டது. வளர்ப்பவர் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது. சேலத்தில் முப்பத்தைந்து நாள் குட்டியைப் பிஸ்கட் அட்டைப்பெட்டியில் போட்டு பஸ்ஸில் அனுப்புகிறார்கள். பார்வோ வைரஸ் நோய் வந்து ரத்தக் கழிச்சலோடு என் மேஜைக்கு வருகிற குட்டிகளில் பாதி அப்படி வந்தவைதான். ஒருமுறை கோபத்தில் ஓர் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன். எங்கள் எல்லைக்குள் வராது என்று ஒரு வருஷம் கழித்துப் பதில் வந்தது. எல்லை எது என்று அதில் இல்லை. பதிவு எண்ணை நீங்கள்தான் கேட்க வேண்டும், உங்களுக்காக யாரும் கேட்கப் போவதில்லை.

"அப்படியானால் நாட்டு நாயே வாங்கிவிடவா" என்று அடுத்த கடிதம் வரும், தெரியும். வாங்கலாம். ஆனால் அங்கேயும் கண்காட்சிக் கண் போய்விட்டது. 2005இல் தபால்தலையில் வந்த நம் ராஜபாளையம் நாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளி இல்லாத பால் வெள்ளை, ரோஸ் மூக்கு என்று தேடித் தேடிச் சேர்த்ததில் பிறவிச் செவிடு அதிகமாகிவிட்டது. தோலுக்கு நிறம் தருகிற அதே வகைச் செல்கள் உள்காதுக்கும் வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால் காது கேட்காது. குட்டிகள் தூங்கும்போது, காற்றோ அதிர்வோ படாத தூரத்தில் நின்று ஒரு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டுங்கள். எல்லாம் துள்ளி எழும்போது ஒன்று மட்டும் தூங்கினால், அது சமர்த்தான குட்டி அல்ல, செவிடு. காவலுக்கு அது உதவாது.

உங்கள் தோட்டத்துக்குத் தேவை குரைக்கிற நாய், பாய்கிற நாய் அல்ல. காட்டெருமை இறங்குகிற இடத்தில் துரத்திப் போகிற நாய் திரும்பி வராது. நடுத்தர உடம்பு, நேர் முதுகு, எக்ஸ்ரே பார்த்த பெற்றோர், எட்டு வாரம் தாயோடு இருந்த குட்டி. அது பேப்பர் இல்லாத ஜெர்மன் ஷெப்பர்டாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. தடுப்பூசி அட்டையில் மருந்து பாட்டிலின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், வெறும் கையெழுத்து போதாது. காப்பிச் செடிக்கு அடியில் உண்ணி அதிகம், அதற்கு மருந்து முதல் மாதத்திலிருந்தே வேண்டும்.

எந்தக் குட்டி வாங்கினாலும் மலைக்கு ஏற்றுகிற அன்று காலையில் சாப்பாடு கொடுக்காதீர்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. பழைய துணி இரண்டு வண்டியில் இருக்கட்டும்.