வாசகர் கேள்வி பதில்: பத்தே நிமிடத்தில் முடித்துவிடும் பிள்ளை

கேள்வி: நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. 35 பிள்ளைகளில் ஒருவன் மட்டும் 40 நிமிடக் கணக்கு வேலையைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவர்களைச் சீண்டுகிறான். கூடுதலாகப் பத்துக் கணக்குகள் கொடுத்துப் பார்த்தேன். இப்போது வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: சீக்கிரம் முடித்தால் அதே வேலை இன்னும் வரும் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. முதலில் கூடுதல் கணக்குகளை நிறுத்துங்கள். அவனுக்குத் தேவை வேறு வேலை.

அன்றைய பயிற்சியில் மிகக் கடினமான 5 கணக்குகளைக் குறித்துவிடுங்கள். விரும்பும் யாரும் முதலில் அவற்றைச் செய்யலாம். படிகளோடு எழுதி 4 சரியாக வந்தால் மீதிப் பயிற்சி வேண்டாம். இதை வகுப்பு முழுவதற்கும் திறந்து வையுங்கள். அவன் ஒருவன் மட்டும் தனித்துத் தெரிய மாட்டான். வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் இன்னொரு கெட்டிக்காரியும் வெளியே வருவாள். 4 வராவிட்டால் மற்றவர்களோடு சேர்ந்து செய்யட்டும்.

மிச்சமான நேரத்தில் அடுத்த பாடத்துக்குத் தாவ வேண்டாம். அடுத்த மாதமும் இதே சிக்கல் வரும். அதே பாடத்தில் ஆழமாகப் போகலாம். அடுத்தடுத்த மூன்று எண்களைக் கூட்டினால் விடை ஏன் எப்போதும் 3-ஆல் மீதியின்றி வகுபடுகிறது? நான்கு எண்களுக்கு இது 4-ஆல் நடக்குமா? (நடக்காது, ஏன் என்பதுதான் வேலை.) ஒரு கேள்வியே ஒரு வாரம் தாங்கும். தனி நோட்டில் தேதியிட்டு, முயன்றதை எழுதச் சொல்லுங்கள். வாரம் இருமுறை ஐந்து நிமிடம் அதைப் பாருங்கள். பார்க்காத நோட்டு பத்து நாளில் நின்றுவிடும்.

முதன்முறை விடை வராதபோது அழலாம், தாளைக் கிழிக்கலாம். இதுவரை எதிலும் தடுமாறிப் பழகாத பிள்ளை அவன். விடையைச் சொல்லிவிடாமல், "எதுவரை வந்தாய்?" என்று கேளுங்கள். மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் வேலையை அவன் தலையில் தினமும் கட்டாதீர்கள். அந்த நேரம் அவன் கற்பதற்கானது.

கேள்வி: அவனை நேராக நான்காம் வகுப்புக்கு அனுப்பிவிடலாமா?

பதில்: எல்லாப் பாடத்திலும் முந்தியிருந்தால், அவனும் விரும்பினால் யோசிக்கலாம். கணக்கில் மட்டும் என்றால் கணக்கு வேளைக்கு மட்டும் அனுப்புங்கள். இரு வகுப்புக்கும் கணக்கு ஒரே நேரத்தில் வருமாறு கால அட்டவணையை முதலில் மாற்ற வேண்டும். இல்லையென்றால் வேறு பாடம் தவறும். ஆறு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கையெழுத்து மெதுவாக இருப்பதைக் காரணம் காட்டித் தடுக்காதீர்கள். விரல்கள் வயதுக்கேற்பத்தான் வளரும். அதுவரை விடையை வாயால் சொல்லட்டும்.