லாப நோக்கமற்ற நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் சம்பளம் வாங்கலாமா?

வாங்கலாம். மதுரைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் பதினான்கு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன், மாதாமாதம் வாங்குகிறேன். உங்களுக்கும் இப்படி ஒரு வேலை கிடைத்து, வீட்டில் யாரோ முகம் சுளித்திருக்கிறார்கள் போலும். நான் பெண் பார்க்கப் போன அன்று, பிற்பாடு மாமனார் ஆனவர், “சேவைதானே தம்பி, அதற்குச் சம்பளமும் உண்டா?” என்று கேட்டார். காபி தொண்டையில் நின்றுவிட்டது.

வெளியாட்களை விடுங்கள். இல்லத்தை நடத்தும் எங்கள் சங்கத்தின் பொதுக்குழுவிலேயே ஒரு வருடம் கணக்கை வாசித்தேன். செலவு போக இரண்டே முக்கால் லட்சம் மிச்சம். மூத்த உறுப்பினர் ஒருவர் பதறி எழுந்தார்: “லாபம் காட்டிவிட்டீர்களே, பதிவு போய்விடாதா?” பின்வரிசையிலிருந்து இன்னொருவர், “அப்படியானால் தீபாவளிக்கு ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துவிடலாமே” என்றார். முன்னவரின் பயம் வீண். பின்னவரின் யோசனைதான் ஆபத்து. மிச்சம் வரலாம், வந்தால்தான் அடுத்த மழைக்குள் கூரையை மாற்ற முடியும். அதை உறுப்பினர்கள் பங்கு போட்டால் வரிவிலக்கு போய்விடும். லாப நோக்கமற்ற கம்பெனிகளாகக் கம்பெனிச் சட்டம் 8ஆம் பிரிவில் பதிவானவற்றுக்கும் இதே கதைதான், ஈவுத்தொகை, அதாவது உறுப்பினர்களுக்கு லாபத்தில் பங்கு, கொடுக்கவே கூடாது. வரிவிலக்கு பெற்றவர்கள் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். முடியாவிட்டால், எதற்காகச் சேர்க்கிறோம் என்று எழுதிக் கொடுத்து ஐந்து வருடம் வரை வைத்திருக்கலாம். அப்படித்தான் எங்கள் கூரை வந்தது.

அறக்கட்டளை என்று பலகை மாட்டிக் கார் வாங்குகிறவர்கள் இல்லையா என்பீர்கள். இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. நிர்வாகியோ அவர் மைத்துனரோ வேலைக்குத் தகுந்த நியாயமான ஊதியத்துக்கு மேல் எடுத்தால் சட்டப்படி அது தப்பு. என் சம்பளத்தைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் உங்களுக்கு வராது.

ரொக்கமாக ஐயாயிரம் நன்கொடை கொடுத்துவிட்டு, வருமான வரியில் கழித்துக்கொள்ள 80ஜி ரசீது கேட்பவர்களையாவது, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் என்றால் வரிக்கழிவு கிடையாது என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். கல்யாண மண்டபக்காரர்களைத்தான் முடியவில்லை. ஏழு மணிக்குச் சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையும் போட்டுப் படுத்துவிட்ட கிழவர்களுக்கு இரவு பதினொன்றரைக்கு மிஞ்சிய பிரியாணி வந்து இறங்கும். படம் எடுத்துக்கொள்வார்கள். போகும்போது, “அண்டாவைக் கழுவி வையுங்கள், காலையில் ஆள் வரும்” என்பார்கள்.