பத்து வகைச் செடி, பூச்சி அழிந்தால் அவற்றின் வேலையை மிச்சம் இருப்பது பார்த்துக்கொள்ளாதா?

பார்த்துக்கொள்ளும், மழையும் காற்றும் ஒழுங்காக இருக்கிற வருஷத்தில்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்குப் பக்கம். அப்பா சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் விளையில், அதாவது தோட்டத்தில், தெங்கு, சக்கை (பலா), அயினிப்பலா, கமுகு, கமுகில் ஏற்றிவிட்ட நல்லமிளகு, இடையில் வாழை, மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) என்று எல்லாம் கலந்து கிடந்ததாம். நான் பிறப்பதற்குள் அத்தனையும் ரப்பராகிவிட்டது. அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன், என்னைப் படிக்க வைத்ததே அந்தப் பால்தான். வேலிக்கு அந்தப் பக்கம் பெரியம்மாவின் விளை மட்டும் பழையபடி, கால் வைக்க இடமில்லாமல்.

2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். ரப்பர் மரம் காற்றுக்குச் சட்டென்று முறியும் என்பது தெரிந்ததுதான், ஆனால் எங்களிடம் இருந்ததெல்லாம் ஒரே வயது, ஒரே உயரம், ஒரே ரகத்து மொட்டை ஒட்டவைத்த கன்றுகள், அதனால் ஒன்றை முறித்த காற்று பக்கத்தில் இருந்ததையும் விடவில்லை. பெரியம்மாவுக்கும் இழப்புதான். வாழை ஒன்றுகூட மிஞ்சவில்லை, பெரிய சக்கைமரம் வேரோடு சாய்ந்தது. ஆனால் தெங்கு பாதிக்கு மேல் நின்றது, மண்ணுக்குள் மரச்சீனி பத்திரமாக இருந்தது. கரண்ட் இல்லாமல் கிடந்த அந்த நாட்களில் அதை அவித்துத்தான் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டோம். “ரப்பர் பாலக் குடிக்க முடியுமா மக்கா?” என்று சட்டியை இறக்கும்போது பெரியம்மாவின் கேள்வி வேறு.

இதையே அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் சீடர் கிரீக்கில் டேவிட் டில்மன் என்ற சூழலியலாளர் புல்வெளியில் பாத்தி பாத்தியாகச் சோதனை நடத்திக்கொண்டிருந்தபோது 1987, 88இல் கடும் வறட்சி வந்தது. பல வகைச் செடிகள் இருந்த பாத்திகளில் விளைச்சல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வகை மிகக் குறைவான பாத்திகளில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சியது. 1994இல் இதை வெளியிட்டார்கள். இதில் என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. அங்கே வகை குறைந்ததற்கு முக்கியக் காரணம் நைட்ரஜன் உரம். உரத்தை வாங்கி வேகமாக வளரத் தெரிந்த ஒன்றிரண்டு புல் மற்றதை அமுக்கிவிட்டது. பார்க்கப் பச்சைப்பசேல் என்றுதான் இருந்திருக்கும், வறட்சி வரும்வரை.

அதற்காக எண்ணிக்கை கூடினாலே போதும் என்று நினைக்க வேண்டாம். பத்து ரக வாழை வைத்தாலும் ஒக்கியில் பத்தும்தான் விழும். ஒன்றுக்கு ஆகாதது இன்னொன்றுக்கு ஆக வேண்டும். ஒன்றின் வேர் ஆழத்தில், இன்னொன்றின் வேர் மேலாக. விஷயமே அங்கேதான்.

பூச்சிக்கு வருவோம். தென்னையில் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதலில் தெரியவந்தது 2016இல். ஓலைக்கு அடியில் மாவு பூசினது போலச் சுருள் சுருளாக அப்பியிருக்கும், அது விடுகிற தேன் மாதிரியான கழிவு கீழ் ஓலையில் விழுந்து கரும்பூசணம் பிடிக்கும். பக்கத்துத் தோப்புக்காரர் பதறிப்போய் மருந்தடித்தார், கொஞ்ச நாளில் ஈ முன்னைவிட அதிகமாகிவிட்டது. அந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைத் தின்றே வளரும் என்கார்சியா என்று ஒரு குட்டிக் குளவி இருக்கிறது, கண்ணுக்குப் புள்ளி மாதிரிதான் தெரியும், மருந்து அதையும் சேர்த்துக் கொன்றுவிடும். சும்மா செய்துகொண்டிருந்த ஆளைத் துரத்திவிட்டு அதே வேலைக்குக் கூலி கொடுப்பது போலத்தான் இது. வேளாண் பல்கலைக்கழகமும் ரசாயன மருந்தைத் தவிர்க்கத்தான் சொல்கிறது: மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டு, தண்ணீரைப் பீய்ச்சி அடி, குளவி இருக்கிற ஓலையை வெட்டி எரிக்காதே.

வகை குறைந்தால் சிலது கூடவும் செய்யும், அதை யாரும் சொல்வதில்லை. ரப்பர்க்காட்டுக்குப் பக்கத்தில் ஓட்டுவீட்டில் இருந்தவர்களிடம் கேளுங்கள். கோடை மழை முதல் இரண்டு பெய்ததும் சாயங்காலம் விளக்கைப் பார்த்துக் கறுப்பு வண்டு லட்சக்கணக்கில் வரும். உதிர்ந்த ரப்பர் இலைதான் அதற்குத் தீனி. அத்தனை மரமும் ஒரே சமயத்தில் இலை உதிர்த்தால் அதற்குப் பந்திதான். ஓட்டுக்கு அடியில் குவியலாக அடைந்து மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும், நசுக்கினால் கொட்டுகிற நீர் பட்ட இடம் எரியும். சின்ன வயதில் கொசுவலைக்குள் தூங்கினதே கொசுவுக்காக இல்லை.

ஒக்கிக்கு அப்புறம் மறுபடியும் ரப்பர்தான் வைத்தோம், பொய் சொல்லவில்லை, மாசாமாசம் கையில் காசு அதில்தான் வரும். முழுவதும் வைக்கவில்லை. வேலியோரம் மூன்று வரிசை விட்டு அயினி, சக்கை, நல்லமிளகு, மரச்சீனி. மரச்சீனி நடக் கம்பு பெரியம்மா கொடுத்தது. வண்டு இன்னும் வருகிறது, சோற்றுப் பானையை மூடித்தான் வைக்கிறோம்.